பெர்த்தில் வாடகைக் கார்: எக்ஸஸ் எவ்வளவு என்று பார்த்தீர்களா?

ஜூரோங் வெஸ்ட் வாசகி ஒருவரின் கேள்வி: "ஜூன் பள்ளி விடுமுறையில் கணவர், நான்கு வயது மகன், மாமியாருடன் பெர்த் போகிறோம். கார் எடுத்து மார்கரெட் ரிவர் என்ற ஊர் வரை போக ஆசை. அனைத்துலக ஓட்டுநர் உரிமம் வேண்டுமா? வாடகைக் கார் நிறுவனத்தின் முகப்பில் கூடுதல் காப்புறுதி வாங்கச் சொன்னால் வாங்கலாமா?"

உரிமம் சுலபமான விஷயம். சிங்கப்பூர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுப்பயணிகளுக்கு அங்கே அதுவே போதும். (ஜப்பான் என்றால் கதை வேறு, புறப்படுமுன் இங்கேயே அனைத்துலக உரிமம் எடுத்தாக வேண்டும்.) ஆனால் கைப்பேசியில் சிங்பாஸ் செயலியில்தான் இருக்கிறதே என்று அட்டையை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். நீங்களும் ஓட்டுவதாக இருந்தால் உங்கள் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஓட்டும்போது ஏற்படும் விபத்துக்குக் காப்புறுதி கைகொடுக்காது.

இனி காப்புறுதி. வாடகையிலேயே அடிப்படைக் காப்புறுதி சேர்ந்திருக்கும். ஆனால் கார் சேதமானால் முதல் சில ஆயிரம் டாலர் உங்கள் பொறுப்பு. அதுதான் எக்ஸஸ். இணையத்தில் மலிவாகத் தெரியும் வாடகையின் பின்னால் பெரும்பாலும் பெரிய எக்ஸஸ் இருக்கும். அதைக் குறைக்கத்தான் முகப்பில் தினசரிக் கட்டணம் கேட்கிறார்கள். சில இடங்களில் அது வாடகையையே எட்டிவிடும்.

சரி, வாங்குவதா வேண்டாமா? முதலில் உங்கள் பயணக் காப்புறுதியைப் புரட்டுங்கள். சிங்கப்பூரில் விற்கும் பல திட்டங்களில் வாடகைக் கார் எக்ஸஸுக்கு ஈடு உண்டு. அதன் உச்சவரம்பு ஒப்பந்தத்தின் எக்ஸஸை எட்டினால் முகப்பில் 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். பல நேரம் எட்டாது. அப்போது மிச்சத்தை உங்களால் தாங்க முடியுமா என்பதே கேள்வி. இன்னொன்று: பயணக் காப்புறுதி பிறகுதான் பணம் தரும். முதலில் உங்கள் கிரெடிட் கார்டிலிருந்துதான் போகும், அதனால் அதில் போதிய வரம்பு இருக்கட்டும். சிறு குழந்தையும் வயதானவரும் உடன் வரும்போது, பயணக் காப்புறுதியின் உச்சவரம்பு போதாவிட்டால், நான் காசு கொடுத்து எக்ஸஸைக் குறைத்துக்கொள்வேன். கண்ணாடியும் டயரும் அதில் அடங்குமா என்று மட்டும் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் அடங்காது.

மகனுக்கு இங்குள்ள கார் இருக்கையைத் தூக்கிச் செல்வது வீண். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஆஸ்திரேலியத் தரச்சான்று பெற்ற இருக்கைதான் அங்கே செல்லும். காரோடு சேர்த்து முன்பதிவு செய்யுங்கள்.

அப்புறம் இருட்டு. பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், ஆனால் ஜூனில் அங்கே மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். கங்காருக்கள் சாலைக்கு வரும் வேளையும் அதுதான். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது என்று சில ஒப்பந்தங்களே சொல்கின்றன. மீறினால் காப்புறுதி போச்சு. மார்கரெட் ரிவர் ஏறக்குறைய 270 கிலோமீட்டர், மூன்று மணி நேர ஓட்டம். பிற்பகலில் விமானம் இறங்கினால் அன்றிரவு பெர்த்திலேயே தங்கிவிடுங்கள்.

சுங்கக் கட்டணச் சாலைகள் அங்கே இல்லை. பெட்ரோலுக்கு 'ஃப்யூவல்வாட்ச்' என்ற அரசுத் தளத்தைப் பாருங்கள். மறுநாள் விலை முந்தைய பிற்பகலே அதில் வந்துவிடும்; காலை 6 மணிக்கு மாறும் விலை 24 மணி நேரம் அப்படியே நிற்கும். காரைத் திருப்பித் தருவதற்கு முந்தைய நாள் அதைப் பார்த்து, எங்கே நிரப்புவது என்று முடிவு செய்யுங்கள்.