வயிறும் மனமும்: குடல் எரிச்சல் நோய் பற்றிய கேள்விகள்

கேள்வி: ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோபி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) எல்லாவற்றிலும் குறை ஏதும் தெரியவில்லை. எல்லாம் மனதில்தான் என்கிறார்கள். என் வலி கற்பனையா?

பதில்: இல்லை. வயிற்றுவலியோடு வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ அடிக்கடி வரும், ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயில் குடற்சுவர் பார்வைக்குச் சீராகவே இருக்கும். கோளாறு, குடலுக்கும் மூளைக்கும் இடையே செய்தி போய்வரும் முறையில் இருக்கிறது. மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்துக் காற்றடைத்து மெல்ல விரிக்கும் ஆய்வுகளில், மற்றவர்களுக்கு வெறும் அழுத்தமாகப்படும் அதே அளவு, இந்நோயாளிகளில் பலருக்கு வலியாகிறது. ‘எல்லாம் மனதில்தான்’ என்று சொல்லி அனுப்புவதை மருத்துவர்களாகிய நாங்கள் விட்டொழிக்க வேண்டும்.

கேள்வி: பதற்றத்தால் வயிறு கெடுகிறதா, வயிற்றால் பதற்றம் வருகிறதா?

பதில்: இரண்டும் நடக்கின்றன. பதற்றத்தின்போது மூளை சுரக்கச் செய்யும் வேதிப்பொருள்கள் பெருங்குடலின் அசைவை முடுக்கிவிடுகின்றன. தேர்வு நாளன்று காலையில் மூன்று முறை கழிவறைக்கு ஓடியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எதிர்த்திசையில், எங்கு போனாலும் முதலில் கழிவறை எங்கே என்று தேடியே பழகியவர், நாளடைவில் வெளியே போவதையே தவிர்க்கிறார். அந்தத் தவிப்பு குடலின் ஒவ்வொரு அசைவையும் உற்றுக் கவனிக்க வைத்து வலியைக் கூட்டுகிறது. சிலருக்கு எல்லாமே ஒரு குடல் தொற்றுக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கும்.

கேள்வி: எனக்கு மனச்சோர்வு இல்லை. மருத்துவர் ஏன் மனச்சோர்வு மாத்திரை எழுதினார்?

பதில்: அமிட்ரிப்டிலினாக இருக்கக்கூடும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில், இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கும்போது, அது வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. இங்கிலாந்தில் 463 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், 30 மில்லிகிராம் வரையிலான அளவே மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக் கூடுதல் நிவாரணம் தந்தது. வாய் உலரலாம், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கலாம். குடலின் வேகத்தையும் இம்மருந்து குறைப்பதால் வயிற்றுப்போக்கு மிகுந்தவர்களுக்கு ஏற்றது. மலச்சிக்கல் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: மாத்திரை இல்லாமல் வழி உண்டா?

பதில்: உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், ஆழ்ந்த தளர்வு நிலையில் குடலை மையப்படுத்திச் செய்யும் ஹிப்னாஸிஸ் சிகிச்சையும் பலருக்குப் பலனளிக்கின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.

கேள்வி: எப்போது மீண்டும் பரிசோதிக்க வேண்டும்?

பதில்: மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல், ரத்தசோகை, உறக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் மாற்றம் ஆகியவற்றைப் பதற்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.