துண்டு இல்லாமல் நித்திரைக்குளிசை கேட்டால்

வணக்கம் அண்ணா,

நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாமசியில் மருந்தாளராக இருக்கிறேன். டொக்டரின் துண்டு இல்லாமல் நித்திரைக்குளிசை கேட்டு ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த கடையில் வாங்கிவிடுகிறார்கள். மனநலக் கிளினிக் மருந்துக்கு வருகிறவர்களோ, பக்கத்தில் தெரிந்த ஆள் நின்றால் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். நான் டொக்டரும் இல்லை, உளவளத்துணையாளரும் இல்லை. இவர்களோடு கதைப்பது என் வேலையா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

ஓம், உங்கள் வேலைதான். கவுண்டரில் நின்று உளவளத்துணை செய்யச் சொல்லவில்லை, அதற்கு அங்கே இடமும் இல்லை நேரமும் இல்லை. ஆனால் கிளினிக்கில் மாதம் ஒருமுறை, அதுவும் சில நிமிடம் மட்டும் பார்க்கிற ஆளை நீங்கள் இடையிலேயே பார்க்கிறீர்கள், பனடோல் வாங்க வரும்போது, பிள்ளைக்கு இருமல் பாணி வாங்க வரும்போது.

மனநோய்க்கு லிதியம் என்ற மருந்து எடுக்கிற ஒருவர் வயலில் வெயிலுக்குள் நின்றுவிட்டு வந்து இடுப்பு நோவுக்கு டைக்ளோபெனாக் கேட்கிறார் என்று வையுங்கள். வியர்த்து உடம்பில் நீர் குறைந்தாலும் லிதியம் இரத்தத்தில் ஏறும், அந்த நோக்குளிசையாலும் ஏறும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம் என்று போய் ஆளையே விழுத்திவிடும். இரண்டு மருந்தையும் ஒரே ஆளின் கையில் காண்கிறவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான். ‘வேறு ஏதும் மருந்து எடுக்கிறீங்களோ’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். லிதியம் என்று தெரிந்தால் அந்த நோவுக்குப் பரசிட்டமோல் போதும்.

சேற்றலின் போன்ற மனச்சோர்வு மருந்தை முதல் தடவை வாங்குகிறவருக்கும் கட்டாயம் சொல்ல வேண்டியது உண்டு. முதல் கிழமை ஓங்காளமும் பதகளிப்பும் வரலாம், குணம் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும், சுகம் வந்ததும் தானாக நிறுத்தக் கூடாது. இது தெரியாமல்தான் பலர் பத்தாம் நாளே ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2011 முதல், சில நோய்களுக்குப் புதிதாக மருந்து தொடங்கியவரைப் பாமசிக்காரரே சில நாளில் கூப்பிட்டு விசாரிப்பதற்கு அரசு காசு கொடுக்கிறது. எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் விசாரிக்கக் காசு தேவையில்லையே.

கிளினிக்கில் மருந்து முடிந்து வெளியில் வாங்கச் சொன்னால், முப்பது குளிசைத் துண்டோடு வந்து பத்து மட்டும் கேட்பார்கள். அது காசுப் பிரச்சினை. கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு எப்ப வருவீங்கள் என்று கேளுங்கள். மலிவான கம்பனி இருந்தால் அதைக் காட்டுங்கள்.

இனி நித்திரைக்குளிசை. 2009ஐக் கடந்து வந்த சனம் மனசில் இருப்பதைச் சொல்லாது, நித்திரை இல்லை, நெஞ்சு பதகளிக்குது என்று மட்டும்தான் சொல்லும். அதனால் ‘துண்டு இல்லாமல் தரமாட்டன்’ என்று முடித்துவிடாதீர்கள். எவ்வளவு நாளாக நித்திரை இல்லை, முன்னம் இதை எடுத்தீர்களா என்று கேளுங்கள். டயசிபாம் போன்ற நித்திரைக்குளிசையைச் சில கிழமை தொடர்ந்து எடுத்தாலே உடம்பு பழகிவிடும், மாதக்கணக்கில் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். அப்படிப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்பினால் ஆபத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள், அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். முகம் சரியில்லை என்று பட்டால் சாகிற யோசனை வருகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. வருகிறது என்றால் தனியே விடாமல் வீட்டாரைக் கூப்பிடுங்கள். 1926க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் எந்த நேரமும் கதைக்கலாம்.

தெரிந்த ஆள் நிற்கிற சங்கடத்துக்கு, துண்டை வாங்கி மருந்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் எடுத்துக் கொடுங்கள், விளக்கத்தைக் கவுண்டரின் ஓரத்துக்கு நகர்த்திச் சொல்லுங்கள். ‘விசர் மருந்து’ என்று உங்கள் கடைப் பெடியன் ஒருவன் சிரித்தால் அந்த ஆள் பிறகு வரவே மாட்டார், அவனுக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்த கடை துண்டில்லாமல் கொடுப்பது சட்டப்படி பிழை. அதை உங்கள் பிராந்திய சுகாதாரப் பணிமனையில் இருக்கிற உணவு மருந்துப் பரிசோதகரிடம் சொல்லலாம். சின்ன ஊரில் அது லேசில்லை, தெரியும்.