ஒரே கச்சேரி, இரண்டு டிஸ்க்: எதை நம்பிப் பார்ப்பது?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஒரே கச்சேரிக்கு இரண்டு பிரதி கையில் இருக்கிறது, படம் இரண்டிலும் ஒன்றுபோல் இல்லை, எது நல்லது? இதற்கு நான் முதலில் திருப்பிக் கேட்பது, கேமரா எந்த டிவி சிஸ்டத்தில் (நம் பால் முறையா, அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையா) ஓடியது என்பதைத்தான். டிவி, பிளேயர், கேபிள் எல்லாம் அதற்குப் பிறகு.

அண்ணாச்சி, அமெரிக்காவுல நடந்த ஒரு கச்சேரி டிவிடியை மச்சினன் அங்கேருந்து கொண்டாந்தான். அதே கச்சேரி இங்க கடையில வாங்கினதும் எங்கிட்ட இருக்கு. அவன் கொண்டாந்ததுல மிருதங்கக் கை வழுவழுன்னு ஓடுது, இங்க வாங்கினதுல விரல் ரெண்டு ரெண்டாத் தெரியுது. ஆனா கடைக்காரர் பால் சிஸ்டம்தான் ஒசத்திங்காரு.
*— பாளையங்கோட்டை வாசகர்*

படத்தின் வரிக் கணக்கில் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் உங்கள் கச்சேரிக்கு அது பொருந்தாது.

அமெரிக்கா, கனடா, ஜப்பான் எல்லாம் என்.டி.எஸ்.சி. நாம், இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து எல்லாம் பால். (கடற்கரைப் பக்கம் ஆண்டெனாவை உயர்த்தி வைத்து இலங்கையின் ரூபவாகினி டிவி பார்த்தவர்களுக்கு நம் டிவியிலேயே கலர் ஒழுங்காக வந்ததும் இதனால்தான்.) பால் டிவிடியில் படத்துக்கு 576 வரி, என்.டி.எஸ்.சி. டிவிடியில் 480. அசையாத முகம், பட்டுப்புடவைக் கரை, வீணைத் தண்டில் உள்ள மெட்டுகள் இதெல்லாம் 576 வரியில் கூடுதல் துலக்கமாக வரும். அசைவு என்று வந்தால் கணக்கு தலைகீழ். பால் ஒரு நொடிக்கு 50 ஃபீல்ட் (ஒன்றுவிட்ட வரிகள் மட்டும் உள்ள பாதிப் படம்; இரண்டு சேர்ந்தால் ஒரு ஃப்ரேம்) எடுக்கும், என்.டி.எஸ்.சி. கிட்டத்தட்ட 60. மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனத்தில் ஃபரன் என்னும் அதிவேக வாசிப்பு ஓடும்போது அந்தப் பத்து ஃபீல்ட் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இந்த ஒப்பீடெல்லாம் அந்தந்த சிஸ்டத்திலேயே எடுத்த படத்துக்குத்தான் செல்லும். அமெரிக்காவில் எடுத்ததை இங்கே விற்பதற்காக மாற்றும்போது 480 வரியை இழுத்து 576 ஆக்குகிறார்கள். புதிதாக எந்த விவரமும் அதில் சேராது. 60 ஃபீல்டை 50 ஆகக் குறைக்க, பக்கத்துப் பக்கத்து ஃபீல்டுகளைக் கலக்கிறார்கள். நீங்கள் பார்த்த இரட்டை விரல் அந்தக் கலவைதான். ரிமோட்டில் பாஸ் அழுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். வலந்தலையில் (மிருதங்கத்தின் வலது பக்கம்) விழும் விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான விரல் நின்றால் அது மாற்றிய பிரதி. கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜ ஆராதனை போன்ற அமெரிக்கக் கச்சேரிகளின் பழைய டிஸ்க்குகளை அங்கே வந்த வடிவத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மார்கழிக் கச்சேரி டிஸ்க் என்றால் நேர்மாறாக, பால் பிரதியைத் தேடுங்கள்.

அமெரிக்க டிஸ்க் ஓடவே மாட்டேன் என்றால் அது ரீஜன் கோடு, அதாவது எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடலாம் என்று டிஸ்க்கில் போடும் பூட்டு எண். அவர்களுக்கு 1, நமக்கு 5. ஓடுகிறது, கலர் மட்டும் இல்லாமல் கறுப்பு வெள்ளையில் வருகிறது என்றால் அது என்.டி.எஸ்.சி. கலர் தெரியாத பழைய டிவியின் கோளாறு. இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கு இன்னொன்றின் மருந்து பலிக்காது.

பாட்டு சொல்லிக் கொடுக்கேன் சார். ஒரு சங்கீதப் படத்தோட ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணோட சுருதிப் பெட்டி வச்சுப் பாடினா சரியாச் சேருது. இன்னொண்ணுல எந்தக் கட்டை வச்சாலும் ஒட்டவே மாட்டேங்கு. என் காதுதான் போச்சோன்னு பயமா இருக்கு.
*— தென்காசி வாசகி*

உங்கள் காதுக்கு ஒன்றும் இல்லை அம்மா, டிஸ்க்தான் வேகமாக ஓடுகிறது. இந்தக் கேள்விக்காக உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். படத் தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் சுருதியைக் கவனிப்பதில்லை.

ஃபிலிம் கேமரா நொடிக்கு 24 ஃப்ரேம். என்.டி.எஸ்.சி.யில் போடும்போது சில ஃபீல்டுகளைத் திரும்பக் காட்டி ஒப்பேற்றுவார்கள். வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பால் 25 ஃப்ரேம் என்பதால் அவ்வளவு பாடு படாமல் படத்தையே 25-இல் ஓட்டிவிடுவது வழக்கம். 4 சதவீதம் கூடுதல் வேகம். இரண்டு மணி நேரப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். அதோடு சுருதியும் ஏறும், அரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் படி) சுமார் முக்கால் பங்கு. 5 கட்டையில் பாடியது ஐந்திலும் நிற்காமல் ஐந்தரையையும் எட்டாமல் நடுவில் தொங்கும். உங்கள் சுருதிப் பெட்டியில் அதற்கு இடமே இல்லை, பிறகு எப்படி ஒட்டும்? பாடகரின் குரலும் கொஞ்சம் மெலிந்து கேட்கும், காலப்பிரமாணமும் (பாட்டின் நடை) வேகமாகிவிடும். மெதுவாகப் பாடும் விளம்ப காலக் கிருதி என்றால் இது பெரிய நஷ்டம்.

இரண்டு டிஸ்க்கிலும் மொத்த நேரத்தைப் பாருங்கள். வெட்டு இல்லாமலே ஒன்று 4 சதவீதம் குறைந்தால் குற்றவாளி அதுதான். சில நிறுவனங்கள் சுருதியை மட்டும் இறக்கிச் சரிசெய்து வெளியிடுவதும் உண்டு, அதனால் நேரத்தோடு சுருதிப் பெட்டியையும் வைத்தே முடிவு செய்யுங்கள். கணினியில் வி.எல்.சி. போன்ற பிளேயரில் வேகத்தை 0.96 ஆக வைத்து, சுருதி மாறாமல் காக்கும் அமைப்பை அணைத்துவிட்டால் பழைய சுருதி திரும்பிவிடும். மாணவிகளுக்குப் போட்டுக் காட்டும்போது இதைச் செய்தே ஆக வேண்டும். தப்பான சுருதியில் கேட்டுப் பழகும் பிள்ளைக்கு அதை மாற்றுவது பாடு.

சபாவில் வீடியோ கேமரா வைத்து எடுத்த கச்சேரிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

எங்க ஊர்க் கோயில் கொடைக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்த அண்ணன் அவன் கேமராவுல நையாண்டி மேளம் முழுசும் எடுத்தான். டிவியில போட்டா பந்தல் வெளிச்சம் படபடன்னு துடிக்கு. உள்ளூர் வீடியோக்காரர் எடுத்ததுல அது இல்ல. கேமரா போச்சா?
*— வள்ளியூர் வாசகர்*

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பந்தலில் கட்டிய டியூப் லைட்டும் மலிவு விலை எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 50 ஃபீல்ட் எடுக்கும் நம் கேமராவுக்கு ஒவ்வொரு ஃபீல்டிலும் அதே அளவு வெளிச்சம் கிடைத்துவிடும். அண்ணன் கேமரா 60 எடுக்கும்போது ஒன்றில் கூடுதலாகவும் அடுத்ததில் குறைவாகவும் விழும். அதுதான் துடிப்பு.

அடுத்த கொடைக்கு ஷட்டரை 1/100 நொடியில் நிறுத்தச் சொல்லுங்கள், துடிப்பு அடங்கிவிடும். அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் என்றால் கேமரா அமைப்பில் பால் ஃபார்மட் காட்டும்படி ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் 25 ஃப்ரேமில் எடுக்கலாம், உள்ளூர்க்காரர் எடுத்ததோடு சேர்த்து வெட்டி ஒட்டவும் வசதி. ஜெனரேட்டரில் ஓடும் பந்தலில் மட்டும் முழு உத்தரவாதம் சொல்ல மாட்டேன்; அதன் வேகம் ஏறி இறங்கினால் பட்டை பட்டையாக மெல்ல நகரும்.

எடுத்து முடித்ததை எடிட்டிங்கில் துடிப்புக் குறைக்கும் ஃபில்டர் போட்டு ஓரளவு தணிக்கலாம். முழுதாகப் போகாது.

தாத்தா வில்லுப்பாட்டு பாடின வி.எச்.எஸ். கேசட் ரெண்டு வீட்ல கிடக்கு. ஒண்ணு கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். வீசுகோல் அசையிற இடமெல்லாம் கோடு கோடாப் பிரியுது. இன்னொண்ணுல வெள்ளைப் பூஞ்சை. என்ன செய்ய?
*— அம்பாசமுத்திரம் வாசகர்*

பூஞ்சை கேசட்டை முதலில் கையிலிருந்து கீழே வையுங்கள். அதை வி.சி.ஆரில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உங்கள் மலையடிவாரச் சாரலுக்குக் கேசட்டுகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வைப்பது நல்லது.

கோடு பிரிவது கேசட்டின் பழுது அல்ல. பழைய வீடியோ ஒரு ஃப்ரேமில் ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகளை 1/50 நொடி கழித்தும் எடுக்கும். தாத்தாவின் வீசுகோல் அந்த இடைவெளியில் ஒரு சாண் இறங்கியிருக்கும். டியூப் டிவி இரண்டையும் மாற்றி மாற்றி வரைந்ததால் கண் ஏமாந்தது. கணினி இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டுவதால் சீப்புப் பல் போலப் பிரிகிறது. டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டும், அதாவது இரண்டையும் பிரித்து முழுப் படங்களாக்க வேண்டும். அதில் ஒரு எச்சரிக்கை: 25 ஃப்ரேமாகக் குறைத்துத் தருகிற வழியை எடுக்காதீர்கள். 50 ஃபீல்டையும் 50 முழுப் படமாக்கித் தருகிற வழியைத் தேர்ந்தெடுத்தால் வீசுகோல் வில்லில் விழுவதும் மணிகள் துள்ளுவதும் அன்று இருந்த வேகத்திலேயே இருக்கும். பிரிக்காத மூலக் கோப்பையும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

வி.எச்.எஸ். படத்தில் குறுக்குவாட்டில் 240 வரி அளவுக்குத்தான் துல்லியம் (மேலே சொன்ன 576 வேறு கணக்கு). அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஒலியில் மட்டும் ஒரு விசேஷம்: என்.டி.எஸ்.சி. வி.எச்.எஸ். டேப் நொடிக்கு 33 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஓடும், நம் பால் டேப் 23 மில்லிமீட்டர்தான். சாதாரண ஒலித்தடத்துக்கு வேகம் கூடக்கூட நல்லது. அதனால் அமெரிக்காவில் எடுத்த பழைய கச்சேரி டேப் கிடைத்தால் பாட்டுக்காகவாவது தூக்கிப் போடாதீர்கள்.

வி.சி.டி.யை ஏ.ஐ. வச்சு 4கே ஆக்கித் தாரோம்ங்காங்க. கொடுக்கலாமா?
*— மேலப்பாளையம் வாசகர்*

நான் கொடுக்க மாட்டேன். பால் வி.சி.டி. மொத்தமே 352-க்கு 288 புள்ளி. அதில் இல்லாத விரலை மென்பொருள் தானாக வரையும். வயலின் பிடியில் விரல் எங்கே இருந்தது என்று பார்த்துக் கற்கிறவருக்கு அது பொய் சாட்சி. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி பாருங்கள்.

புது டிவியில பழைய கச்சேரி போட்டா எல்லாரும் குண்டாத் தெரியுதாங்க. தாளம் போடுத கையும் சத்தமும் வேற சேர மாட்டேங்கு.
*— சங்கரன்கோவில் வாசகி*

முதலாவது, 4:3 அளவிலான பழைய படத்தை டிவி தன் 16:9 அகலத் திரைக்கு இழுக்கிறது. படத்தின் அளவு அமைப்பை 4:3-க்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு விழும், விழட்டும். அடுத்தது, சவுண்ட் பாரும் டிவியும் வேறு வேறு நேரம் எடுப்பதால் வருவது. சத்தம் முந்தினால் ஆடியோ டிலேயை (சத்தத்தைத் தாமதப்படுத்தும் அமைப்பு) கூட்டுங்கள். சத்தம் பிந்தினால் டிவியில் படத்தை மெருகேற்றும் வசதிகளைக் கூட்டாமல் சவுண்ட் பாரின் எஃபெக்ட்டுகளை அணைத்துப் பாருங்கள். சரிபார்க்க, பாடகர் சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) தொடையில் தட்டும் இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாயசைவை விட அதில் பிசகு சட்டென்று தெரியும்.