2147483647: ஒரு எண்ணுக்கு இத்தனை பெயர்கள் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி படிக்கும் என் மகள், '32 பிட் இன்ட் வகையில் அடங்கும் மிகப்பெரிய எண் 2147483647, அது பகா எண்ணும்கூட' என்றாள். தேடிப் பார்த்தால் மெர்சென் பகா எண், இரட்டை மெர்சென் பகா எண் என்று பட்டத்துக்கு மேல் பட்டம். ஒரே எண்ணுக்கு எதற்கு இத்தனை பெயர்? 1772இலேயே கணிதமேதை ஆய்லர் இதைப் பகா எண் என்று நிறுவினாராமே, கணினி இல்லாமல் எப்படி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கும் அதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

ஒரு எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இதற்கு வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் உண்டு. கையால் போட்டு மாளாது.

ஆனால் இது 2இன் 31ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவான எண். இப்படி 2இன் அடுக்கைவிட ஒன்று குறைவான எண்ணைத்தான் மெர்சென் எண் என்கிறோம். 31 பகா எண் என்பதால், இதற்குப் பகாக் காரணி ஏதாவது இருந்தால் அதை 31இன் இரு மடங்கான 62ஆல் வகுக்கும்போது மீதி 1தான் வர முடியும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால் சோதிக்க வேண்டியவை 373 எண்கள்தான். முதலில் 63, பிறகு 249, இரண்டும் 3ஆல் வகுபடும், தள்ளிவிடலாம். அடுத்தது 311, பகா எண். வகுத்தால் மீதி 35. இப்படிப் பகு எண்களை எல்லாம் தள்ளியபின் மிஞ்சுபவை வெறும் 84. எதிலும் மீதியின்றி வகுபடவில்லை.

ஆய்லர் அப்போது பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. அந்த நிலையில்தான் இந்த முடிவைக் கணிதவியலாளர் மூன்றாம் யோஹான் பெர்னூலிக்குக் கடிதத்தில் தெரிவித்தார். எப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

'மெர்சென்' என்ற அந்த ஒரு பெயர் ஆயிரக்கணக்கான வகுத்தல்களை மிச்சப்படுத்திவிட்டது, பாருங்கள். எண்களை வகைப்படுத்துவதன் அருமை இதுதான் என்பேன். 'இரட்டை மெர்சென்' அந்த அளவுக்கு உதவாது. 31உம் 2இன் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்பதைத்தான் சொல்கிறது. அப்புறம், இதை 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கும்: தன்னைத் தவிர மற்ற காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதினார். ஆனால் 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் 39 இலக்க மெர்சென் பகா எண்ணையே நிறுவிவிட்டார்.

உங்கள் மகளிடம் 8191ஐக் கொடுங்கள். 2இன் 13ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. வர்க்கமூலம் 90 சொச்சம். இங்கே 13இன் இரு மடங்கான 26ஆல் வகுத்து மீதி 1 வர வேண்டும்: 27, 53, 79. அவற்றில் 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வருவது 79 மட்டும். ஒரே ஒரு வகுத்தல், மீதி 54. 8191 பகா எண்.