டேனியல் பூனின் நிலம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எல்லைப்புற மனிதர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் டேனியல் பூன் 'கென்டக்கியைக் கண்டுபிடித்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சின்ன வயதில் ரக்கூன் தோல் தொப்பியும் நீளத் துப்பாக்கியுமாக அவர் படத்தைப் பார்த்து, காட்டையே ஆண்ட மனிதர் என்று நினைத்திருந்தேன். அவர் கென்டக்கியில் சொந்த நிலம் இல்லாமல் வெளியேறினார் என்று சமீபத்தில் படித்தேன். குடித்துத் தொலைத்தாரா, இல்லை யாராவது ஏமாற்றினார்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

'கண்டுபிடித்தவர்' என்று நான் எழுதியது தப்பு. கென்டக்கிக்குப் போகும் மலைவழியான கம்பர்லாந்து கணவாயை 1750-லேயே தாமஸ் வாக்கர் கடந்திருக்கிறார். அவருக்கும் வெகுகாலம் முன்பே காட்டெருமை மந்தைகளும் செரோக்கி, ஷானி என்ற பூர்வகுடி மக்களும் நடந்து நடந்து போட்ட தடம் அது. 1769-ல் டேனியலை அங்கே கூட்டிப்போன ஜான் ஃபின்லியும் கென்டக்கியை ஏற்கெனவே பார்த்தவர்தான். (அவரை 'டேனியல்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். 'பூன்' என்பதோடு ஐ உருபு சேர்த்தால் மனிதர் பூனையாகிவிடுகிறார்.)

அந்தத் தொப்பியையும் மறந்துவிடுங்கள். அவர் போட்டது சாதாரண அகல விளிம்புத் தொப்பி.

சரி, நிலத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட இரண்டுமே முக்கியக் காரணம் இல்லை. குடியெல்லாம் இல்லை. ஏமாற்றியவர்கள் இருந்தார்கள், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் காகிதம்.

1775-ல் ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்பவர் செரோக்கிகளிடமிருந்து ஏறக்குறைய 2 கோடி ஏக்கரைச் சரக்குகளைக் கொடுத்து 'வாங்கினார்'. செரோக்கிகளிலேயே பலர் அதை ஏற்கவில்லை, அங்கே வேட்டையாடிய ஷானிகளை யாரும் கேட்கவே இல்லை. ஹெண்டர்சனுக்காக முப்பது பேர் அளவில் கோடரியோடு கிளம்பி அந்தக் கணவாய் வழியாகப் பாதை வெட்டியவர் டேனியல். கூலியாக நிலம் தருவதாகப் பேச்சு. 1778-ல், அப்போது கென்டக்கியைத் தன் பகுதியாக வைத்திருந்த வர்ஜீனியா அந்தக் கிரயமே செல்லாது என்றது. வழி வெட்டியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்து 1779-ல் வர்ஜீனியாவின் நிலச் சட்டம் வந்தது. முதலில் பணம் கட்டி வாரண்ட், அதாவது இத்தனை ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதிச் சீட்டு, வாங்க வேண்டும். அப்புறம் இன்ன இடம் என்று பதிவு, அதன் பிறகு சர்வே, கடைசியில் பட்டா. அரசாங்கம் முன்கூட்டி எதையும் அளந்து வைக்கவில்லை. பிடித்த இடத்தை அவரவரே குறித்துக்கொள்ளலாம். எல்லைக்கு அடையாளம் ஒரு மரம், ஓர் ஓடை வளைவு. மரம் சாய்ந்தால் எல்லையும் போச்சு! ஒரே நிலத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று உரிமைகள் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. வழக்குகள் தலைமுறை தாண்டியும் நடந்தன.

இந்தக் குழப்பத்தில் டேனியலும் ஒரு கை. அவரே சர்வேயர். மற்றவர்களுக்காக அளந்தார், தனக்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் குறித்தார், நிலத்தை வாங்கி விற்றார். அளவையில் பிசகு என்று அவர்மேல் வழக்குகள் வந்தன. தன் நிலத்துக்கோ பதிவு செய்தால் சர்வே பாக்கி, சர்வே முடிந்தால் பட்டா பாக்கி. 1780-ல் வாரண்ட் வாங்குவதற்காகத் தன் பணத்தோடு அக்கம்பக்கத்தார் கொடுத்ததையும் சேர்த்து 20,000 டாலர் அளவுக்கு எடுத்துக்கொண்டு போனார். வழியில் ஒரு சத்திரத்தில் தூங்கி எழுந்தபோது பணம் இல்லை. அந்தக் கடன் அவரை வெகுகாலம் துரத்தியது. பாவம் என்று தோன்றுகிறது. ஆனால் வெகுளி என்று சொல்ல மாட்டேன்: அடிமைகளை வைத்திருந்தவர், ஊகத்தில் நிலம் சேர்த்தவர்.

காட்டில் அவர் வேறு ஆள். 1778 பிப்ரவரியில் உப்புக் காய்ச்சப் போனபோது ஷானிகளிடம் பிடிபட்டார். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தத்து எடுத்து ஷெல்டோவி, அதாவது பெரிய ஆமை, என்று பெயர் வைத்தார். சில மாதம் மகனாகவே இருந்தார். கென்டக்கியில் தன் ஊரான பூன்ஸ்பரோவின் கோட்டையைத் தாக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தப்பி நான்கே நாளில் 160 மைல் கடந்து வந்து சேர்ந்தார். மனைவி ரெபெக்கா அவர் செத்துவிட்டார் என்று நினைத்து வட கரோலினாவுக்குப் போய்விட்டிருந்தார். கோட்டை தப்பியது. ஆனால் உப்புக் காய்ச்சக் கூடப் போனவர்களை ஷானிகளிடம் சரணடைய வைத்ததற்காக அவர்மேல் ராணுவ விசாரணை நடந்தது. விடுதலையாகி, பதவி உயர்வும் பெற்றார். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி அந்தச் சில மாதங்கள்தான். யார் பக்கம் என்று ஊராரே சந்தேகப்படும் அளவுக்கு அங்கே ஒட்டிப்போயிருக்கிறார்.

1798-ல் கென்டக்கி ஒரு மாவட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. மறு வருஷம் 64, 65 வயதில் அவர் மிசூரிக்குக் கிளம்பிவிட்டார். அது அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஸ்பானிய அதிகாரிகள் 850 ஏக்கர் அளவுக்கு நிலம் கொடுத்து, பஞ்சாயத்து பேசும் பதவியும் கொடுத்தார்கள். உரிமையை உறுதிசெய்ய நியூ ஆர்லியன்ஸ் வரை போக வேண்டும். போகவில்லை! 1803-ல் அந்தப் பகுதி அமெரிக்கா கைக்கு வந்ததும், காகிதம் எங்கே என்றார்கள். மறுபடி நிலம் போயிற்று. மனு மேல் மனு போட்டு 1814-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திருப்பிக் கொடுத்தது. அதில் பெரும்பகுதியை விற்றுப் பழைய கென்டக்கிக் கடனை அடைத்தார்.

1820 செப்டம்பர் 26-ல், மகன் நேதனின் வீட்டில் இறந்தார். 1845-ல் கென்டக்கிக்காரர்கள் வந்து அவர் எலும்புகளையும் ரெபெக்காவின் எலும்புகளையும் தோண்டி எடுத்துத் தங்கள் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் புதைத்தார்கள். 'நீங்கள் எடுத்துப்போனது வேறு யாருடையதோ' என்று மிசூரியில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.