தொடக்கத்தில் பொருளாதாரம் படிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

தண்டையார்பேட்டையிலிருந்து மகளை அழைத்து வந்து, "நாட்டு வளம், ஏற்றுமதி, இறக்குமதி என்கிறாள், இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். ஒரு நாடு எவ்வளவு இயற்கை வளத்தைச் செலவிடுகிறது, அதில் எவ்வளவு வெளியிலிருந்து வருகிறது என்று கணக்கிடும் படிப்பு அது. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் உங்களுக்கு அது அந்நியமானதல்ல.

உங்கள் வீட்டு ரேஷன் பாமாயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது விளைந்த நிலம் பெரும்பாலும் இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ இருக்கிறது. ஒரு நாட்டு மக்களின் நுகர்வுக்கு எவ்வளவு விளைநிலமும் காடும் கடலும் தேவை என்பதை, உள்நாட்டு உற்பத்தியுடன் இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்துக் கணக்கிட்டு, அந்நாட்டு இயற்கை ஆண்டுதோறும் தரக்கூடிய அளவோடு ஒப்பிடுகிறார்கள். வில்லியம் ரீஸும் மாத்திஸ் வாக்கர்நாகலும் 1990களின் தொடக்கத்தில் கனடாவில் உருவாக்கிய இந்தச் 'சூழலியல் தடம்' கணக்கில் இந்தியா பற்றாக்குறை நாடு, அதாவது தன் இயற்கை தருவதைவிட அதிகம் செலவிடும் நாடு. விற்பவர் விற்றுக்கொண்டிருக்கும்வரை அந்தப் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரியாது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு நாமே தடை விதித்தோம்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய குறை, அது தண்ணீரை அளப்பதில்லை என்பது. ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. அரிசியோடு அந்த நீரும் கப்பலேறுவதாகத்தான் கொள்ள வேண்டும். உங்கள் மகள் தன் நோட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் எதிரே தண்ணீருக்கென்று தனிக் கட்டம் போட்டிருந்தாள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த வீட்டுப் பிள்ளை அல்லவா! அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் இவளுக்கு இது ஏற்ற துறை என்று உறுதியாக நம்பினேன்.

வேலை பற்றி: எஃகு, அலுமினியம், சிமென்ட் முதலியவற்றை இறக்குமதி செய்யும்போது, அவற்றின் உற்பத்தியில் வெளியான கரியமில வாயுவுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் விலை வைக்கிறது. ஆகவே அங்கு ஏற்றுமதி செய்யும் நம் ஆலைகளுக்கு இத்தகைய கணக்குத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன்.

இளநிலையிலேயே சுற்றுச்சூழலை மட்டும் கற்பிக்கும் படிப்பு வேண்டாம். பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கட்டும். கூடவே புள்ளியியலையும் எக்செல்லையும் விடாமல் பழகட்டும். முதுநிலைக்குக் கோட்டூர்புரம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸை மனத்தில் வைக்கலாம். அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.