பழைய லேசர் டிஸ்க் பிளேயர்: மலையக நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

லேசர் டிஸ்க் என்பது டி.வி.டி.க்கு முன்பு திரைப்படங்களைப் பதிந்து விற்ற, இசைத்தட்டு அளவுள்ள பெரிய வட்டத்தட்டு. அதை ஓட்டும் பழைய பிளேயரை வாங்குவது, திருத்துவது, பேணுவது பற்றி இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் நண்பர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இக்கருவியின் உற்பத்தியை நிறுத்துவதாகப் பயனியர் நிறுவனம் அறிவித்தது 2009 ஜனவரியில். இன்று நம் கைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அதற்கும் முந்திய தொண்ணூறுகளில் செய்யப்பட்டவை. ஆகவே, “புதிது போலவே இருக்கிறது” என்று விற்பவர் சொன்னால் அது வெளிப்பெட்டியைப் பற்றிய பேச்சு மட்டுமே. உள்ளே இருக்கும் ரப்பருக்கும் கிரீஸுக்கும் வயது ஏறித்தான் இருக்கும்.

கேள்வி (ஹட்டன்): ஐயா, நான் இதுவரை லேசர் டிஸ்க் பிளேயரைத் தொட்டதுகூட இல்லை. கொழும்பில் ஒருவர் பயனியர் பிளேயர் ஒன்றை விற்கிறார். சி.டி. போட்டுக் காட்டினார், பாட்டு தெளிவாகவே கேட்டது. நம்பி வாங்கலாமா?

பதில்: தம்பி, அந்தச் சோதனையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். சி.டி.யையும் லேசர் டிஸ்க்கையும் வாசிக்கும் பிளேயர்களில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே லேசர்தான், எனவே சி.டி. பாடினால் லேசர் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். 12 சென்றிமீற்றர் சி.டி.யைச் சுழற்றும் மோட்டார், 30 சென்றிமீற்றர் டிஸ்க்கை நிமிடத்துக்கு 1,800 சுற்று வேகத்துக்குக் கொண்டுபோகுமா, அதைப் பிடித்திருக்கும் கவ்வி நழுவாமல் நிற்குமா, டிஸ்க்கின் வளைவுக்கு ஏற்ப லேசரைச் சாய்த்துக்கொடுக்கும் பொறி வேலை செய்கிறதா என்பவற்றைச் சி.டி. காட்டித்தராது.

யாரிடமாவது நல்ல டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளிப்புறமாக வாசிக்கப்படுகிறது. ஒரு பக்கத்தில் ஒரு மணிநேரம் ஓடும் வகை டிஸ்க்கானால், தொடக்கத்தில் 1,800 சுற்றாக இருக்கும் வேகம் விளிம்பை நெருங்கும்போது 600 அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே தொடக்கத்தில் ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு தேடல் பொத்தானை அழுத்தி அந்தப் பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போங்கள். வளைந்த டிஸ்க்கும் தளர்ந்த சாய்வுப் பொறியும் தம் குறையைக் காட்டுவது விளிம்பில்தான். அங்கே படத்தின் மேல் சரிவான பட்டைகள் நகர்ந்தால் அந்தப் பொறியைச் சந்தேகியுங்கள்.

அதன்பின் இரண்டாம் பக்கம். டிஸ்க்கைக் கையால் திருப்பாமலே இரு பக்கமும் வாசிக்கும் பிளேயரில், லேசர் தொகுதி வளைந்த தண்டவாளத்தில் ஏறி டிஸ்க்கின் மேற்புறத்துக்குப் போய் அங்கிருந்து வாசிக்கிறது. பழைய கிரீஸ் இறுகினால் முதலில் தடைப்படுவது இந்தப் பயணம்தான். முதற்பக்கம் அழகாக ஓடி, இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது பாதி வழியில் முனகி நின்றுவிடும் பிளேயர்கள் நிறையவே இருக்கின்றன. விற்பவர் “இரண்டாம் பக்கம் எதற்கு, அதுவும் இப்படித்தான்” என்று அவசரப்படுத்தினால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வந்துவிடுங்கள்.

மாடல் பெயரைத் தேடி அலைவதைவிட, கண்முன்னே இரு பக்கமும் முழுதாக ஓடிய சாதாரண மாடலை வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. புதிய லேசர் தொகுதி இப்போது எங்கும் உற்பத்தியில் இல்லை. அது போய்விட்டால், வேறொரு பிளேயரை உடைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. ரிமோட்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பல வசதிகளுக்கு முகப்பில் பொத்தானே இருக்காது.

கேள்வி (தலவாக்கலை): ஜப்பானில் பாவித்த பிளேயர் ஒன்று வந்திருக்கிறது. பின்புறத்தில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. வீட்டில் 110 வோல்ட் தரும் டிரான்ஸ்போமர் ஒன்று இருக்கிறது. அதில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். நமது மின்சாரம் 230 வோல்ட் என்று சொன்னாலும், தோட்டப்புறத்தில் அது மாலையில் இறங்கி, நள்ளிரவுக்குப் பின் ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 230 உள்ளே போனால் 110 தரும் டிரான்ஸ்போமர், 250 உள்ளே போனால் ஏறத்தாழ 120 தரும். நூறுக்கென்று செய்த கருவிக்கு அது ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அந்த மிகுதி முழுவதும் வெப்பமாகி, அருகிலுள்ள கப்பாசிட்டர்கள் எனும் மின்தேக்கிகளை வற்றச் செய்யும். அமெரிக்கப் பிளேயர் 120 வோல்ட்டுக்குரியது என்பதால் அதற்கு உங்கள் டிரான்ஸ்போமர் பொருந்தும். ஜப்பான் பிளேயருக்கு 100 வோல்ட் தருவதையே கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு வாட் செலவாகும் என்பது பின்புறத் தகட்டில் இருக்கும். அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் டிரான்ஸ்போமராக எடுத்தால் சூடாகாது. வீட்டில் பிள்ளைகளோ விருந்தினரோ இருந்தால், தட்டையான இரண்டு முள் பிளக்கை அடாப்டர் வழியாக நேரே சுவர்ச் சொக்கெட்டில் செருகிவிடும் ஆபத்தும் உண்டு. பிளக்கை டிரான்ஸ்போமரில் செருகி, கழற்ற முடியாதபடி நாடாவால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): எங்கள் மாமா வளைகுடாவில் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த டிஸ்க்குகள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. எந்தப் பிளேயரை வாங்கினாலும் ஓடுமா, அண்ணா?

பதில்: ஓடாது, தங்கச்சி. தொலைக்காட்சிப் படத்தைப் பதியும் முறை நாட்டுக்கு நாடு வேறு; பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. என்பவை அப்படிப்பட்ட இரண்டு முறைகள். முதலில் உறைகளின் பின்புறத்தைப் பாருங்கள். பி.ஏ.எல். என்று இருந்தால் ஜப்பான், அமெரிக்கப் பிளேயர்களில் அவை ஓடா, அவை என்.டி.எஸ்.சி. டிஸ்க்குகளை மட்டுமே வாசிப்பவை. ஐரோப்பாவில் விற்ற பயனியர் சி.எல்.டி. டி925, சி.எல்.டி. எஸ்315 போன்றவை இரண்டையும் வாசிக்கும், நம் நாட்டு மின்சாரத்துக்கும் நேரடியாகப் பொருந்தும். இரண்டு வகை டிஸ்க்கும் கலந்து வைத்திருப்பவர் சற்று அதிகம் கொடுத்தாவது இத்தகையதையே வாங்க வேண்டும்.

பி.ஏ.எல். டிஸ்க்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதில் அனலாக் ஒலியோ டிஜிட்டல் ஒலியோ ஒன்றுதான் இருக்கும், இரண்டுக்கும் இடமில்லை. டிஜிட்டல் ஒலி மட்டும் உள்ள டிஸ்க்கை, அந்த வசதி இல்லாத மிகப் பழைய பிளேயரில் போட்டால் படம் வரும், சத்தம் வராது. அதைப் பழுதென்று நினைத்துப் பிளேயரைப் பிரித்துவிட வேண்டாம்.

கேள்வி (மஸ்கெலியா): டிஸ்க் வைக்கும் தட்டு பாதி வெளியே வந்து நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பற்சக்கரங்களுக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. இப்போது முன்னைவிட மோசம்.

பதில்: தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். மஸ்கெலியாவின் இரவுக் குளிரில், நீங்கள் விட்ட எண்ணெய் பல்லிடுக்குகளில் வெள்ளையாக இறுகிக் கிடக்கும். அதோடு, அது பெல்ட்டில் பட்டிருந்தால் பெல்ட் கப்பியின் மேல் வழுக்கிக்கொண்டிருக்கும்.

பிளக்கைக் கழற்றி, மேல்மூடியைத் திறவுங்கள். பற்சக்கரங்களிலும் தண்டவாளங்களிலும் இருக்கும் எண்ணெயையும் பழைய கிரீஸையும் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தோய்த்த பஞ்சுக்குச்சியால் முற்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். பழைய கிரீஸ் பழுப்பு மஞ்சளாக, மெழுகைப் போல் நகத்தில் சுரண்டி வரும். அது போகாமல் மேலே புதியதைப் பூசுவதால் பயனில்லை. பிறகு, பிளாஸ்டிக்கைத் தாக்காத வெள்ளை கிரீஸை மிக மெல்லிதாகப் பூசுங்கள். துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கும் ஸ்பிரே, தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் வேண்டாம்.

தட்டு நிற்பதற்கு மூலகாரணம் பெரும்பாலும் பெல்ட்தான். ரப்பர் தளர்ந்து நீண்டிருக்கும். சில பிளேயர்களில் தார்போல உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். பழைய கசெட் ரெக்கோடர் திருத்தும் கடைகளில் சதுர வெட்டுமுகம் கொண்ட பெல்ட்டுகள் கிடைக்கும். பழையதை அளந்து அதே அளவைக் கேட்காதீர்கள். அது நீண்டுபோன அளவு. சற்றுச் சிறியதாக எடுக்க வேண்டும். தட்டைக் கையால் இழுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பற்கள் உடைந்தால் வேறு கிடைக்காது.

கேள்வி (கந்தப்பளை): காலையில் போட்டால் டிஸ்க் சிறிது நேரம் சுழன்றுவிட்டு நின்றுவிடுகிறது. மத்தியானம் அதே டிஸ்க் நன்றாக ஓடுகிறது. லேசர் பலவீனமாகிவிட்டதா, சேர்?

பதில்: லேசரைக் குறை சொல்வதற்கு முன் பனியைப் பாருங்கள். நுவரெலியாப் பக்கத்தில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பிளேயரின் லென்ஸில், காலையில் அடுப்பு மூட்டி, கேத்தல் கொதித்து, வீடு சூடேறும்போது அந்த ஈரக்காற்று படிந்து மெல்லிய நீர்ப்படலமாகிறது. கண்ணாடி அணிபவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். லேசர் ஒளி சிதறிவிடுவதால் பிளேயரால் டிஸ்க்கைக் குவித்துப் பிடிக்க முடிவதில்லை. இரண்டொரு முறை முயன்றுவிட்டு நிறுத்திவிடுகிறது. டிஸ்க் போடாமல் பிளேயரை மட்டும் ஒரு மணிநேரமோ இரண்டு மணிநேரமோ இயக்கி வையுங்கள். உள்ளே இருக்கும் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஓடவில்லை என்றால்தான் லென்ஸைத் துடைக்க வேண்டும்.

மலையகத்தில் பிளேயர்களைக் கொல்வது ஓட்டம் அல்ல, ஈரமும் சும்மா கிடப்பதும்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு பக்கத்தை முழுதாக ஓட்டுங்கள். சீமெந்துத் தரையிலோ, மழைபடும் வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல், நான்கு விரல் இடைவெளி விட்டு மேசையில் வையுங்கள். பொலித்தீனால் இறுக மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும். பருத்தித் துணி போதும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் பிளேயரின் பக்கத்தில் வைக்கலாம், உள்ளே போடக்கூடாது. தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளில் விறகடுப்பும் பிளேயரும் ஒரே அறையில் இருந்தால், புகைக்கரி எண்ணெய்ப்பசையோடு லென்ஸில் ஒட்டும். அதைத் துடைப்பது நீர்ப்படலத்தைப் போல எளிதல்ல. இயன்றால் பிளேயரை முன்னறைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி (பதுளை): படத்தில் நிறநிறமாகப் புள்ளிகள் மின்னுகின்றன. பிளேயர் பழுதா, டிஸ்க் பழுதா?

பதில்: நல்லதென்று தெரிந்த இன்னொரு டிஸ்க்கைப் போடுங்கள். அதிலும் புள்ளிகள் வந்தால் லென்ஸைத் துடையுங்கள். முதல் டிஸ்க்கில் மட்டும், அதே இடத்தில், ஒவ்வொரு தடவையும் வந்தால் அது டிஸ்க்கின் நோய். லேசர் டிஸ்க் என்பது இரண்டு அக்ரிலிக் தகடுகளை முதுகோடு முதுகு ஒட்டிச் செய்தது. ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒளியைத் திருப்பும் அலுமினியப் படலம் இருக்கிறது. ஒட்டும் பசை வழியாக அந்தப் படலம் மெல்ல அரிக்கப்பட்டால் இப்படிப் புள்ளிகள் தோன்றி, வருடத்துக்கு வருடம் பெருகும். இதைத் துடைத்தோ கழுவியோ மாற்ற முடியாது. பார்க்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே கணினியில் பதிந்து வைப்பதுதான் செய்யக்கூடியது. டிஸ்க் வாங்கும்போதும் உறையின் அழகைப் பார்க்காமல், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (வெலிமடை): டிஸ்க்கில் பூஞ்சணம் பூத்திருக்கிறது. அல்கஹோலால் துடைக்கலாமா?

பதில்: வேண்டாம். அக்ரிலிக்கில் செறிவான அல்கஹோல் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் வரக்கூடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் கலந்து, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள்; வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் லேசர் போகும் பாதையிலேயே நீளும். டிஸ்க்குகளை நிமிர்த்தி, சாயாமல் அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளைந்துவிடும்.

கேள்வி (கொட்டகலை): மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் போதாதா?

பதில்: போதாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கையே கழற்றுங்கள். அதோடு, டிஷ் அன்டெனாவின் வயர் தொலைக்காட்சிக்கும் தொலைக்காட்சியின் வயர் பிளேயருக்கும் போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த வயரையும் கழற்ற வேண்டும்.

கேள்வி (கண்டி): டி.வி.டி.யும் ஓடக்கூடிய பயனியர் டி.வி.எல். மாடல் நல்லதா? நிறத்தையும் ஒளியையும் தனித்தனியாகக் கொண்டுபோகும் எஸ்-வீடியோ இணைப்பு இருந்தால் படம் கூர்மையாகுமா?

பதில்: டி.வி.எல். 909, 919 இரண்டும் நல்லவைதான். ஆனால் உள்ளே பொறிகள் அதிகம், திருத்துவது கடினம், டி.வி.டி.க்காக அதைத் தேட வேண்டியதில்லை. லேசர் டிஸ்க்கில் படம் ஒரே கலப்புச் சமிக்ஞையாகவே பதிவாகியிருப்பதால், நிறத்தையும் ஒளியையும் பிரிக்கும் வேலையைப் பிளேயர் நன்றாகச் செய்கிறதா, உங்கள் தொலைக்காட்சி நன்றாகச் செய்கிறதா என்பதே கேள்வி. கலப்புச் சமிக்ஞையை அப்படியே கொண்டுபோகும் மஞ்சள் வயர், எஸ்-வீடியோ இரண்டையும் மாற்றிமாற்றிப் பார்த்து, கண்ணுக்குப் பிடித்ததை வையுங்கள்.

கேள்வி (பொகவந்தலாவ): கொழும்பிலிருந்து பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: உள்ளே டிஸ்க் இருக்கக் கூடாது. தட்டை மூடி, பிளேயரின் சுவிட்சிலேயே அணைத்த பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். சில மாடல்களின் அடியில் பயணத்துக்கென்று பூட்டும் திருகாணி உண்டு. இருந்தால் இறுக்கிவிட்டு, வீட்டில் மறக்காமல் தளர்த்துங்கள். பஞ்சணை வைத்துப் படுக்கை நிலையிலேயே பொதியுங்கள். கடுகண்ணாவை வழியோ கினிகத்தேனை வழியோ, வளைவுகளில் பஸ்ஸின் பின்பெட்டிக்குள் உருளவிடாமல் மடியிலோ பக்கத்து இருக்கையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். இருக்கைக்கு இன்னொரு டிக்கெட் எடுத்தாலும் அது வீண்செலவல்ல.

கேள்வி (அப்புத்தளை): பல வருடமாகப் பெட்டிக்குள் கிடந்த பிளேயர். நேரே கரண்ட் கொடுக்கலாமா?

பதில்: முதலில் மூடியைத் திறந்து, கரப்பான் முட்டை, பல்லி, எலி கடித்த வயர் இவற்றைப் பாருங்கள். பிறகு, நமது ரேடியோ திருத்துபவர்கள் செய்வதுபோல, பழைய 100 வாட் இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியாக மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். இது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. 100 வோல்ட் பிளேயரானால் குமிழ் டிரான்ஸ்போமருக்கு முன்னால், 230 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். குமிழ் ஒரு கணம் மினுங்கி மங்கினால் உள்ளே ஷோர்ட் இல்லை, குமிழை நீக்கிவிட்டு நேரடியாக இணைக்கலாம். முழு வெளிச்சமாக எரிந்துகொண்டே நின்றால் உடனே பிளக்கைக் கழற்றி, மின்வழங்கிப் பகுதியைத் திருத்தக் கொடுங்கள். மூடி திறந்திருக்கும்போது லென்ஸைக் குனிந்து பார்க்க வேண்டாம். இந்த லேசரின் 780 நனோமீற்றர் ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.